மெழுகிய அடுப்பும் மாற்றிய அடுப்பும்

அடுப்பு கெட்டுப்போனால் செப்பனிடுவதா, புதிதாக வாங்குவதா என்ற கேள்வி இன்று எல்லா வீடுகளிலும் எழுகிறது. கேட்பதற்கு இது வெறும் கணக்குப் போலத் தோன்றும். செப்பனிட இவ்வளவு, புதிதுக்கு இவ்வளவு, எது குறைவோ அதைச் செய்ய வேண்டியதுதானே என்போம். ஆனால் இந்தக் கேள்விக்கு வயது அதிகமில்லை. இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்புவரை தமிழ்நாட்டின் பெரும்பாலான சமையலறைகளில் இப்படியொரு கேள்வி எழ இடமே இருந்ததில்லை. அது எப்போது வந்தது, எதனால் வந்தது, வந்தபோது தீர்மானிக்கும் உரிமை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பவற்றைப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது. கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் வரலாறு எழுதியிருக்கிறோம். அடுப்புக்கு நாம் எழுதியது மிகக் குறைவு.

மண் இருந்த காலம்

சொல்லிலிருந்தே தொடங்கலாம். 'அடு' என்னும் வினைக்குச் சமைத்தல் என்பது பொருள். அடுப்பு, அடுக்களை, அடிசில், அட்டில் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. ரொட்டிக்கடைக்கு 'அடுமனை' என்று இன்று பெயர்ப்பலகை எழுதுகிறவர்களும் அதே வேரைத்தான் தோண்டுகிறார்கள். நாற்புறமும் மூடி, உள்ளே வைத்துச் சுடும் அவன் அண்மைக்காலம் வரை நம் வீடுகளுக்குள் வரவில்லை. இலங்கைத் தமிழர் ரொட்டி சுடும் அவனைப் போர்ச்சுக்கீசியர் வழி வந்த 'போறணை' என்ற சொல்லால்தான் அழைக்கிறார்கள். பொருள் வந்த வழியே சொல்லும் வந்தது. நம்முடையது திறந்த நெருப்பின்மேல் பாத்திரம் ஏற்றும் சமையல். அதற்கு அடுப்பே எல்லாம்.

அடுப்பு என்றால் குடும்பம் என்றும் பொருள் கொள்ளலாம். அண்ணன் தம்பி பிரிந்ததை ஊரார் 'தனி அடுப்பு வைத்துவிட்டார்கள்' என்றுதான் சொல்வார்கள். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதையே வேறு மொழியில் சொல்கிறது: சேர்ந்து வாழ்ந்து பொதுவான ஒரு சமையலறையில் உண்பவர்கள் ஒரு குடும்பம். அரசாங்கம் தலைகளை எண்ணுவதற்கு முன் அடுப்பை எண்ணுகிறது எனலாம்.

புறநானூற்றின் 164-ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைக் குமணனிடம் சொல்லும்போது பசியை நேரடியாகப் பேசத் தொடங்குவதில்லை. சமையலையே மறந்துபோன தம் வீட்டு அடுப்பில் காளான் பூத்திருப்பதைக் காட்டித் தொடங்குகிறார். அந்த அடுப்பின் பக்கங்கள் உயர்ந்திருந்தன என்பதும் பாடலில் உண்டு. இது புலவரின் கற்பனை நயம் மட்டுமன்று. மண் அடுப்பின் இயல்பைத் தெரிந்தவர் சொல்லும் செய்தி. மண் அடுப்பு நெருப்பாலும் கையாலும் நாள்தோறும் காக்கப்படுவது. நெருப்பு நின்றால் ஈரம் ஏறும். கை நின்றால் விரிசல் விழும். இரண்டும் நின்ற வீட்டில் காளான் முளைக்கிறது.

களிமண்ணையோ புற்றுமண்ணையோ உமியும் வைக்கோல் துணுக்கும் சேர்த்துக் குழைத்து, மிதித்துப் பதப்படுத்தி, கையாலேயே எழுப்பியது அந்த அடுப்பு. பாத்திரம் உட்கார மேலே மூன்று குமிழ்கள். அந்தக் குமிழ்கள் தரும் இடைவெளியில்தான் தீ வெளியே எட்டிப்பார்க்கும். பக்கத்தில் ஒரு கொடியடுப்பு இருக்கும். முதல் அடுப்பின் வெப்பம் ஒரு துளை வழியே அங்கே போகும். சோறு முதல் வாயில் கொதிக்கையில் குழம்போ வெந்நீரோ கொடியடுப்பில் சூடாகும். ஒரு தீயில் இரண்டு வேலை என்பதைப் பொறியியல் படிக்காத பெண்கள் எப்போதோ கண்டுவிட்டார்கள்.

இந்த அடுப்பைப் 'பழுது பார்த்தல்' என்று எங்கள் வட்டாரத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொல் 'மெழுகுதல்'. காலையில் சாம்பலை வாரியபின் சாணியும் மண்ணும் கரைத்த நீரால் அடுப்பை மெழுகுவார்கள். முந்தைய நாளின் வெடிப்பு அதில் மூடிக்கொள்ளும். குமிழ் தேய்ந்திருந்தால் ஒரு பிடி மண் வைத்து உயர்த்துவார்கள். துப்புரவும் பராமரிப்பும் செப்பனிடுதலும் ஒரே செயலாக இருந்தன. பெரிதாக இடிந்துபோனால் இடிந்த மண்ணையே நனைத்துப் புதிய அடுப்பு போடுவார்கள். பழைய அடுப்பு புதிய அடுப்பின் கச்சாப்பொருள். அங்கே செப்பனிடுவதற்கும் மாற்றுவதற்கும் நடுவே கோடு கிழிப்பது எளிதன்று.

ஆனாலும் மாற்றுவதற்கென்று ஒரு நாள் இருந்தது. போகியன்று பழையதைக் கழிப்பதும் மறுநாள் புது அடுப்பில் புதுப்பானை ஏற்றுவதும் ஆண்டுக்கொரு முறை வரும் அனுமதி. குயவர் சுட்டுத் தரும் அடுப்புகள் தை பிறப்பதற்கு முன் சந்தைக்கு வரும். அன்றாடம் மெழுகுவது, ஆண்டுக்கொருமுறை மாற்றுவது என்ற அந்த ஒழுங்கில் தீர்மானம் செய்பவர் அடுப்பின் முன் உட்கார்ந்தவரே. பொருள் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. அறிவு அவர் கையில் இருந்தது. விலை என்று பெரிதாக ஒன்றுமில்லை.

விலை வேறு இடத்தில் இருந்தது.

புகை

மண் அடுப்பைப் பற்றி இன்று எழுதுகிறவர்களில் பலர் சோற்றின் மணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஊதாங்குழலைப் பிடித்து ஊதிய நெஞ்சு யாருடையது என்று கேட்பதில்லை. என் பாட்டிக்கு அறுபது வயதுக்குள் கண் மங்கிவிட்டது. மார்கழி மாதத்து இருமல் சித்திரை வரை நிற்காது. அது முதுமை என்றே வீட்டில் எல்லோரும் எண்ணினோம். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் காற்றிலுள்ள நுண்துகள்களை அளந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, விறகும் வரட்டியும் எரியும் வீடுகளில் மிக அதிகமான புகையை உள்வாங்குபவர் சமைப்பவரே என்பதை எண்களால் காட்டியது. வீட்டுப் புகையால் உலகெங்கும் 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மெழுகிய அடுப்பின் செப்பனிடும் செலவைப் பெண்கள் தங்கள் உழைப்பால் கட்டினார்கள். எரிக்கும் செலவைத் தங்கள் நுரையீரலால் கட்டினார்கள். இதைச் சொல்லாமல் பழைய அடுப்பைப் புகழ்வது நேர்மையாகாது.

இது முன்பே சிலருக்குத் தெரிந்திருந்தது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934-இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர். காந்தியின் உறவினரான மகன்லால் காந்தியின் பெயர் தாங்கிய மகன்வாடியில் அச்சங்கம் இயங்கியது. எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, காகிதம் என்று அங்கே நடந்த ஆய்வுகளின் வரிசையில் புகையில்லா அடுப்பும் ஒன்று. அது 'மகன் சூலா' என்று பெயர் பெற்றது. விடுதலைக்குப் பின் ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ். பி. ராஜு, புகைபோக்கி இணைத்த, பல வாய்கள் கொண்ட மண் அடுப்பொன்றை வடிவமைத்தார். கோடிக்கணக்கானோருக்குப் புகையற்ற சமையலறை என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய சிறுநூல் 1953-இல் சென்னையில் கிறித்துவ இலக்கியச் சங்க வெளியீடாக வந்தது. இருவரும் அடுப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதே மண், அதே விறகு. வடிவத்தை மட்டும் திருத்து என்றார்கள்.

இந்தச் சிந்தனையின் பெருவடிவம்தான் 1983-இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம். மானியத்தோடு மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் நாடெங்கும் கட்டப்பட்டதாகக் கணக்கு. 2002-இல் மைய அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. கட்டிய அடுப்புகளில் பல சில ஆண்டுகள்கூட நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதில்தான் நம் கேள்விக்கான விடையின் பாதி இருக்கிறது.

புகையில்லா அடுப்பின் உள்ளே காற்று போகும் வழிக்கு அளவுகள் உண்டு. விறகு நுழையும் வாய் இவ்வளவு அகலம், தடுப்பு இவ்வளவு உயரம், புகைபோக்கி இவ்வளவு நீளம் என்று வகுத்திருப்பார்கள். ஒன்று மாறினால் இழுவை கெட்டுப் புகை திரும்பவும் அறைக்குள் வரும். வீட்டுப் பெண்ணோ தன் அனுபவப்படி அதை மெழுகினார். பெரிய கட்டையை நுழைக்க வாயை அகலப்படுத்தினார். தன் பானைக்கேற்பக் குமிழை உயர்த்தினார். நூற்றாண்டுகளாகச் சரியாக இருந்த அந்தக் கை, இங்கே அடுப்பைக் கெடுத்தது. தவறு கையினுடையது ஆகாது. அடுப்பின் உள்ளமைப்பை அந்தக் கைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தால் ஏறித் துடைக்க வேண்டும் என்பதும், உடைந்தால் யாரிடம் போவது என்பதும் திட்டத்தில் தெளிவாக இல்லை. கட்டுவதற்குக் கூலி இருந்தது. அதன்பின் வந்து பார்ப்பதற்கு இல்லை.

ஒடிசாவில் 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த பெரியதோர் ஆய்வு இதை ஐயமறக் காட்டுகிறது. ரெமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் புகைபோக்கியுள்ள மேம்பட்ட மண் அடுப்புகள் கட்டித்தரப்பட்ட வீடுகளை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். முதலாண்டில் சமைப்பவர் உள்ளிழுத்த புகை குறைந்தது. பின்னர் அந்தப் பயன் மறைந்துபோயிற்று. வீட்டார் அடுப்பைத் தொடர்ந்து பயன்படுத்தவில்லை, பராமரிப்புக்குச் செலவிடவில்லை, உடைந்தவை உடைந்தபடியே கிடந்தன. ஆய்வுக்கூடத்தில் வென்ற அடுப்பு செப்பனிடப்படாமல் தோற்றது.

இதற்கு எதிர்ச்சான்று அருகிலேயே உண்டு. இலங்கையில் 1980களில் உருவான 'அனகி' என்ற இருவாய் அடுப்பு. விலைமதிப்புள்ளது என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். அதற்குப் புகைபோக்கி கிடையாது, எனவே புகையை முற்றாக நீக்காது. ஆனால் விறகு குறைவாகச் செலவாகும். அந்நாட்டுக் குயவர்கள் அதைச் சூளையில் சுட்டு, சட்டி பானை விற்கும் வழியிலேயே விற்றார்கள். வாங்கியவர் வீட்டில் அதைச் சுற்றி மண் பூசி, பழைய அடுப்பைப் போலவே மெழுகினார். சில ஆண்டில் உடைந்தால் சந்தையில் இன்னொன்று கிடைக்கும். மெழுகும் பகுதியும் மாற்றும் பகுதியும் தனித்தனியாக இருந்ததால் அது பிழைத்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் விற்பனையும் ஆயிற்று. ஹரியானாவின் நாடா கிராமத்தில் மது சரின் 1980களின் தொடக்கத்தில் செய்த முயற்சியும் இவ்வழிப்பட்டதே. அங்கே கிராமத்துப் பெண்களே அடுப்புக் கட்டும் கொத்தர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பழுதானால் கூப்பிடு தொலைவில் ஆள் இருந்தார்.

இரும்பும் தோலும்

இனி எங்கள் ஊர்ப்பக்கம் வருகிறேன். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ஓடிய பாதையில் இருப்பது அரக்கோணம். ஊர் வளர்ந்ததே தண்டவாளத்தை ஒட்டித்தான். சுற்றுக் கிராமங்களில் வேர்க்கடலைத் தோலும் கரும்புச் சருகும் எரிந்துகொண்டிருந்தபோது ரயில்வே குடியிருப்புகளில் கரி எரிந்தது. நீராவி இன்ஜின்கள் ஓடிய காலத்தில் அவை கொட்டிய சாம்பலில் பாதி எரிந்த நிலக்கரித் துண்டுகளைச் சலித்துப் பொறுக்கி எடுத்து வருவார்கள். அதற்கு மண் அடுப்பு ஏற்றதன்று. அடியில் இரும்புச் சல்லடைத் தட்டும் காற்றுக்குத் திறப்பும் உள்ள குமுட்டி அடுப்பு வேண்டும். பழைய வாளியின் உட்புறத்தில் மண் பூசியும் குமுட்டி செய்தார்கள். நெய்வேலியில் 1960களின் நடுப்பகுதி முதல் பழுப்பு நிலக்கரியைச் சுட்டுக் கட்டிகளாக்கி 'லெகோ' என்ற பெயரில் விற்றபோது, நகரங்களில் குமுட்டிக்கு இன்னொரு வாழ்வு கிடைத்தது.

குமுட்டி ஒரு நடுவழி. உள்ளே பூசிய மண் உதிர்ந்தால் வீட்டிலேயே பூசலாம். சல்லடைத் தட்டு ஓட்டையானால் கொல்லரிடம் போக வேண்டும். அடுப்பின் ஒரு பகுதி முதன்முறையாக வீட்டுக்கு வெளியே போயிற்று.

முழுதாக வெளியே போனது பம்பு ஸ்டவ் வந்தபோது. ஸ்டாக்ஹோமில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் 1892-இல் விற்கத் தொடங்கிய 'பிரைமஸ்' வகை அடுப்பின் வழித்தோன்றல் அது. பித்தளைத் தொட்டியில் மண்ணெண்ணெய். பம்பு அடித்தால் அழுத்தம் ஏறும். சூடான பர்னர் குழாயில் எண்ணெய் ஆவியாகி, ஊசிமுனை அளவுத் துளையுள்ள நிப்பிள் வழியே சீறி நீலமாக எரியும். புகையும் கரியும் இல்லாமல், ஊதாமல், நினைத்தபோது பற்றவைத்து நினைத்தபோது அணைக்கலாம். மண் அடுப்பிலிருந்து அதற்கு வந்த பெண்ணுக்கு அது விடுதலையாகவே இருந்திருக்கும்.

அந்த அடுப்பின் உயிர்நிலை ஒரு தோல் துண்டு. பம்புத் தண்டின் முனையில் சிறு கிண்ணம் போன்ற தோல் வாசர் ஒன்று இருக்கும். அது காய்ந்து சுருங்கினால் காற்று பிடிக்காது. எவ்வளவு அடித்தாலும் ஸ்டவ் எரியாது. தண்டைக் கழற்றி அந்தத் தோலில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் விரித்துத் திரும்பப் போட்டால் உயிர் வந்துவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடுவதையே வாழ்வாகக் கொண்ட ஊர்கள் சூழ்ந்த எங்கள் பகுதியில் தோலின் குணம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிப்பிள் அடைத்தால் ஸ்டவ் பின்னால் குத்துவது வீட்டுக்கல்வி. அதற்கு மேற்பட்ட பழுதுக்கு ஸ்டவ் ரிப்பேர்க்காரர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். ஈயம் பூசுகிறவரும் அம்மி கொத்துகிறவரும் வரும் அதே வழியில். திண்ணையில் உட்கார்ந்து, வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரித்து மாட்டுவார். அடுத்தமுறை பாதியை அவரே செய்துகொள்வார். அறிவு வீட்டைவிட்டுப் போயிருந்தாலும் தெருவைவிட்டுப் போகவில்லை.

இந்த அடுப்பின் வரலாற்றில் இருண்ட பக்கமொன்றும் உண்டு. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு' என்ற செய்தி ஒருகாலத்தில் நாளிதழ்களின் அன்றாடப் பத்தியாக இருந்தது. அடுப்புகள் உண்மையிலேயே வெடித்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவை ஏன் மருமகளின் கையில் மட்டும் இவ்வளவு அடிக்கடி வெடிக்கின்றன என்று 1970களின் இறுதியிலிருந்து பெண்கள் அமைப்புகள் தெருவில் நின்று கேட்டன. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கணவர் வீட்டாரின் கொடுமைக்கான 498ஏ பிரிவு 1983-இலும், வரதட்சணைச் சாவுக்கான 304பி பிரிவு 1986-இலும் சேர்ந்தன. கெட்டுப்போன அடுப்பு ஒரு கொலைக்குச் சாட்சியாக நிறுத்தப்பட்ட காலம் அது. வாய் பேசாத, வசதியான சாட்சி. அடுப்பின் பழுதைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை வீட்டுப் பெண்ணுக்கு இல்லாத இடத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்பதன் கடைசி எல்லை இது.

வாயு

பர்மா ஷெல் நிறுவனம் 1955-இல் பம்பாயில் சமையல் எரிவாயுவை உருளையில் விற்கத் தொடங்கியது. இந்தியன் ஆயில் 1965-இல் கல்கத்தாவில் 'இண்டேன்' இணைப்பைத் தொடங்கியது. பின்னர் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் எரிவாயு இணைப்பு என்பது பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் பொருளாக இருந்தது. தமிழ்நாட்டில் 2006 தேர்தலுக்குப் பின் அமைந்த அரசு 2007 தொடக்கத்திலிருந்து ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்போடு எரிவாயு அடுப்பையும் இலவசமாக வழங்கியது. மைய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே மாதம் தொடங்கியது. இவற்றால் நேர்ந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நுரையீரலால் விலை கட்டிவந்த தலைமுறைகளின் வரிசை இங்கே பெரும்பாலும் அறுகிறது. உருளையின் விலை ஏறும்போது பின்கட்டில் விறகடுப்பு திரும்பவும் புகைகிறது என்பதும் உண்மையே.

எரிவாயு அடுப்போடுதான் நம் தொடக்கக் கேள்வி முழு உருவம் பெறுகிறது. மெழுக முடியாத அடுப்பு இது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது வீட்டாருக்குத் தெரியாது. தெரியாமல் தொட்டால் உயிருக்கு ஆபத்து. விற்பவரின் சொல்லே வேதமாகிறது. விற்பவர் எதைச் சொல்வார் என்று நாம் வியக்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டு அடுப்பின் ஒரு பர்னர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியைக் கருக்கியது. பதினான்கு ஆண்டு உழைத்த அடுப்பு. கடைக்காரர் ஒருவர் 'இதற்கெல்லாம் இப்போது பார்ட்ஸ் வராது சார்' என்று கண்ணாடி மேற்பரப்புள்ள புதிய அடுப்புகளைக் காட்டினார். வீட்டில் நாள்தோறும் அதன் முன் நிற்பவர் என் மனைவி, தீர்மானமும் அவருடையது. ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவிலுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து அவர் கேட்டது மூன்று கேள்விகள்தான். எது கெட்டிருக்கிறது? அது தனியாகக் கிடைக்குமா? அப்படியே விட்டால் ஆபத்து உண்டா?

மெக்கானிக் பர்னரைத் தட்டிக் கவிழ்த்துக் காட்டினார். 'அம்மா, உள்ள பூரா அழுக்கு. துளை பெருசாயிடுச்சு. பித்தளை பர்னர் ஒண்ணு போட்டா இன்னும் பத்து வருஷம் வரும். ஆனா இந்த டியூபை இன்னைக்கே மாத்துங்க, அதுல மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க' என்றார். ஜெட்டைச் சுத்தம் செய்து, பர்னரை மாற்றி, சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்த்துவிட்டுப் போனார். புது அடுப்பின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகவில்லை.

அந்த மூன்று கேள்விகளில் ஒரு முழு முறையே இருக்கிறது. தீ மஞ்சளாவது பெரும்பாலும் காற்றும் வாயுவும் சரியாகக் கலக்காததால்; அடைப்பை நீக்கினாலோ பர்னரை மாற்றினாலோ சரியாகும். திருகியின் இறுக்கம், தாங்கியின் ஆட்டம், கால் தேய்ந்தது போன்றவை செப்பனிடத் தக்கவை. ரப்பர்க் குழாய் செப்பனிடும் பொருளன்று; ஐந்தாண்டுக்கொருமுறை மாற்றச் சொல்வதில் வியாபாரம் இல்லை, உயிர்க்காப்பே இருக்கிறது. உடலே துருப்பிடித்து ஓட்டையானாலோ, வால்வு கசிந்து பொருத்தமான மாற்று கிடைக்காவிட்டாலோ, கண்ணாடிப் பரப்பில் கீறல் விழுந்தாலோ தயங்காமல் விடைகொடுக்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி வீட்டு எரிவாயு அடுப்பு வாயுவின் வெப்பத்தில் குறைந்தது 68 விழுக்காட்டைப் பாத்திரத்துக்குத் தர வேண்டும். முத்திரையில்லாத மலிவு அடுப்பை ஆசையாக வாங்குகிறவர் ஒவ்வோர் உருளையிலும் அந்த மலிவுக்கு வட்டி கட்டுகிறார். எனவே மாற்றுவது எப்போதும் வீண் என்பதும் தவறு. செப்பனிடுவது எப்போதும் சிக்கனம் என்பதும் தவறு.

யார் கையில்

இந்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'பழுதுநீக்கும் உரிமை'க்கென ஒரு தளத்தைத் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருள்கள், மின்னணுக் கருவிகள், வாகனங்கள், வேளாண் கருவிகள் ஆகிய நான்கு துறைகளில் உதிரி பாகமும் செப்பனிடும் விவரமும் மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பது நோக்கம். உரிமை என்ற சொல் இங்கே கவனத்துக்குரியது. கொல்லைக் களிமண்ணைக் குழைத்து மெழுகியவருக்கு அப்படியொரு சொல் தேவைப்படவில்லை. கையில் இருந்தது கைவிட்டுப் போன பிறகுதான் அதற்கு உரிமை என்று பெயர் வருகிறது.

இந்த நீண்ட வழியில் நான் காண்பது இவ்வளவே. அடுப்பு எந்தப் பொருளால் ஆனது என்பது அதன் ஆயுளைத் தீர்மானிக்கவில்லை. மண் அடுப்பு மண்ணாலானது, தலைமுறைகளைத் தாண்டியது. திட்ட அடுப்பு சிமெண்டுக் குழாயோடு வந்தது, நான்காண்டு நிற்கவில்லை. அதன் முன் நிற்பவருக்கோ, அவர் கூப்பிட்டால் வரும் தொலைவில் உள்ள ஒருவருக்கோ அதைத் திறந்து பார்க்கத் தெரிந்திருந்த காலமெல்லாம் அடுப்பு வாழ்ந்தது. சமைப்பவரின் உடலைத் தின்கிற அடுப்பை, எத்தனை தலைமுறை மெழுகியதாயினும், மாற்றத்தான் வேண்டும். சமைப்பவருக்கு ஊறு செய்யாத அடுப்பை, எவ்வளவு பழையதாயினும், செப்பனிடுவதே முறை. இரண்டில் எது என்று சொல்லத் தகுந்தவர் விற்பவருமல்லர், திட்டம் தீட்டுபவருமல்லர், கட்டுரை எழுதுபவருமல்லர்.

ரயில் நிலையத்துப் பின்தெரு மெக்கானிக்குக்கு ஐம்பத்தெட்டு வயது. தம் மகன் இத்தொழிலுக்கு வரவில்லை என்றார். ஊரில் இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களாம். ஒருவர் குக்கர் மட்டும்தான் பார்க்கிறார்.